காகித முறுக்கு யந்திரம்

எட்டயபுரத்துக்கு யாத்திரையாக வருகிறவர்கள் பாரதியார் பிறந்த வீட்டைக் காண்கிறார்கள். 1947-ஆம் ஆண்டில் திறக்கப்பட்ட மணிமண்டபத்தையும் காண்கிறார்கள். கண்டு, மனம் நெகிழ்ந்து, பஸ் ஏறிப் போய்விடுகிறார்கள். கவியின் தந்தையாரைப் பற்றி நம்மிடம் விசாரிப்பவர்கள் மிகச் சிலரே. சின்னசாமி ஐயர் எட்டயபுரம் சமஸ்தானத்தில் உத்தியோகம் பார்த்தவர், கணிதத்தில் வல்லவர், மேனாட்டு யந்திரங்களின் நுட்பங்களில் பெரும் பிரியம் உள்ளவர். 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலேயே இந்தக் கரிசல் காட்டு ஊரில் ஒரு பஞ்சாலை நிறுவ முற்பட்டார். முயற்சி முறிந்தது, கைப்பொருளும் போயிற்று, 1898-இல் அவர் காலமானார். குடும்பத்துக்கு நேர்ந்த அந்த நஷ்டத்தின் துயரம் பாரதியாரை நெடுநாள் விடவில்லை.

யந்திரம் என்ற சொல்லை இந்த ஊரில் யாராவது உச்சரித்தால் நமக்கு அந்தப் பெரியவருடைய நினைவுதான் வரும். ஆகையினால், நமது வகுப்பில் படிக்கும் பையன் ஒருவன் சில மாதங்களுக்கு முன் ஒரு பித்தளைக் குழாயையும், பழைய சைக்கிள் சக்கரம் ஒன்றையும் தூக்கிக்கொண்டு வந்து, "ஸார், இதில் ஒரு பக்கம் காகிதத்தை விட்டால் மறுபக்கம் குச்சியாக வரவேண்டும்; என்ன செய்யலாம்?" என்று கேட்டபோது, நமக்கு மகிழ்ச்சியும் கொஞ்சம் பயமும் சேர்ந்தே உண்டாயின.

காகிதக் குச்சி எதற்கு என்று வாசகர்கள் கேட்கக்கூடும். தமிழ்நாட்டில் 2019-ஆம் ஆண்டு ஜனவரி 1 முதல் பிளாஸ்டிக் உறிஞ்சு குழல் போன்ற பண்டங்களுக்குத் தடை வந்தது. 2022-ஆம் ஆண்டு ஜூலை 1 முதல் மிட்டாய்க் குச்சி, பலூன் குச்சி, காது துடைக்கும் பஞ்சுக் குச்சி முதலியவற்றையும் பிளாஸ்டிக்கில் செய்யலாகாது என்று நாடு முழுவதற்கும் விதி செய்யப்பட்டது. பிளாஸ்டிக் விட்டுப்போன இடத்தைக் காகிதம் பிடித்துக்கொண்டது. ஆனால் காகிதக் குச்சி செய்யும் யந்திரமோ, ஒரு குடும்பம் வாங்கக்கூடிய விலையில் இல்லை. ஆகவே முதலாளிகளுக்கு யந்திரம், ஏழைகளுக்கு உள்ளங்கை என்ற பழைய ஏற்பாடு இதிலும் தொடங்கிவிட்டது.

நமது மாணவனின் தாயார் அந்த உள்ளங்கைக்காரர்களில் ஒருத்தி. காகித நாடாவின் ஓரத்தில் பசை தடவி, மெல்லிய கம்பியின்மேல் சுற்றி, பலகையில் வைத்து உருட்டி, கம்பியை உருவிவிட்டால் ஒரு குச்சி. எண்ணிக்கைக்குத்தான் கூலி. பருமன் ஒரே சீராக இல்லாவிட்டால் வியாபாரி கழித்துவிடுவார்; கழித்ததற்குக் கூலி கிடையாது. மாலையில் அந்த அம்மாளின் உள்ளங்கைத் தோல் வழன்று சிவந்திருப்பதைப் பையன் தினந்தோறும் பார்த்திருக்கிறான். அவனுடைய ஆராய்ச்சிக்கு மூலகாரணம் அதுவே.

பையனுடைய முதல் யோசனை, குழாயைச் சுழலவிட்டுக் காகித நாடாவை ஒரு முனையில் தள்ளுவது. இது இரண்டு விரற்கடைகூட நடக்கவில்லை. காகிதம் மடங்கிக் கசங்கி வாயை அடைத்துக்கொண்டது. கயிற்றையும் காகித நாடாவையும் இழுக்கலாமே ஒழியத் தள்ளமுடியாது. ஆகவே, நாடாவைக் குழாய்க்குள் கோத்து, மறுபுறத்திலிருந்து இழுத்தான். இப்போது குழாய் சுற்றிற்று. காகிதமோ அதற்கும் தனக்கும் சம்பந்தமில்லாததுபோல் தட்டையாகவே வந்தது. வழுவழுப்பான குழாய் நாடாவைப் பற்றவில்லை. பற்றாதபோது முறுக்குவது எப்படி? பையன் குழாயின் நடுப்பாகத்தைச் சுத்தியால் தட்டிச் சப்பையாக்கினான். இனி அது சுற்றினால் நாடாவும் சுற்றித்தான் ஆகவேண்டும்.

சுற்றவும் செய்தது. குழாய்க்குள் நுழையுமுன் நாடா அழகாக முறுக்கிக்கொண்டது. பையன் முகம் மலர்ந்தது. ஆனால் குழாயைவிட்டு வெளிவந்த நாடாவில் முறுக்கின் அடையாளம் மட்டும் இருந்தது, முறுக்கைக் காணோம்! "இன்னும் வேகமாகச் சுற்றிப் பார்" என்று நாம் மேதாவித்தனமாக யோசனை சொன்னோம். வேகமாகச் சுற்றியதில் நாடா அறுந்ததே பலன். ஒரு வாரம் முழுதும் பையன் நம் வார்த்தையை நம்பி வேகத்தை ஏற்றிக்கொண்டே போனான். உபாத்தியாயர் தெரியாததைத் தெரியாது என்று சொல்லாமற்போனால் ஒரு வாரமும் ஒரு ரீம் காகிதமும் நஷ்டம் என்பதை இங்கே ஒப்புக்கொள்ளுகிறோம்.

விஷயம் வீட்டில் துணி பிழியும்போது விளங்கிற்று. நனைந்த வேட்டியை இரண்டு பேர் ஆளுக்கொரு முனையாகப் பிடித்துக்கொள்ளட்டும். மூன்றாவது ஆள் நடுவில் ஒரு கட்டையைச் செருகிச் சுற்றட்டும். வலப்புறம் ஒரு திசையிலும் இடப்புறம் அதற்கு நேர்மாறான திசையிலும் முறுக்கு ஏறும். இரண்டையும் கூட்டினால் பூஜ்யம். கட்டையை எடுத்துவிட்டால் வேட்டி பழையபடி வேட்டிதான். நமது குழாயும் நாடாவின் நடுவில் நின்றே சுற்றியது. முன்னே ஏற்றிய முறுக்கைப் பின்னே தானே அவிழ்த்துக்கொண்டிருந்தது. எத்தனை வேகமாகச் சுற்றினால் அத்தனை வேகமாக அவிழ்க்கும்! நெசவு ஆலைக்காரர்கள் இதற்குப் 'பொய் முறுக்கு' என்று பொருள்படும் பெயர் வைத்திருக்கிறார்கள். பாலியஸ்டர் இழையை முறுக்கேறிய நிலையில் சூடாக்கி ஆறவிட்டுப் பிறகு அவிழ்த்தால், இழை சுருள் சுருளாகப் பஞ்சுபோல் உப்பி நிற்கும். ஆக, பொய் முறுக்குக்கும் உலகத்தில் வேலை உண்டு. ஆனால் குச்சி செய்ய அது உதவாது.

மெய்யான முறுக்குக்கு விதி ஒன்றே: ஒரு முனை சுற்றவேண்டும், மறுமுனை சுற்றாமல் நிற்கவேண்டும். தக்ளியில் நூற்கிறபோது பஞ்சைப் பிடித்த கை நிற்கிறது, கதிர் சுற்றுகிறது, நூற்ற நூலும் அந்தக் கதிரிலேயே ஏறிக்கொள்ளுகிறது. கயிறு திரிப்பவர்களும் அப்படியே. சக்கரத்துக் கொக்கியில் மாட்டிய முனை சுற்றுகிறது. நாரைக் கொடுத்தபடி பின்னே நடக்கிறவர் கையில் மறுமுனை நிற்கிறது. தூத்துக்குடிக் கடலில் முத்துக் குளிப்பவர்கள் கல்லைக் கட்டிக்கொண்டு இறங்கிய கயிறும், தோணியின் பாய்க்கயிறும், வீட்டுக் கிணற்றுக் கயிறும் எல்லாம் இந்த ஒரு விதியின் குழந்தைகளே. நடுவில் நின்று சுற்றுகிறவர்களால் முறுக்கு ஏறாது. இது வியாபாரத் தரகர்களுக்கும் பொருந்துமா என்பதை வாசகர்களே தீர்மானித்துக்கொள்ளட்டும்.

பையனிடம் இதைச் சொன்னவுடன் அவன் ஓர் இரவில் விடை கண்டுபிடித்துவிட்டான். காகிதச் சுருளையே குழாயின் பின்முனையில் ஒரு கவையில் மாட்டி, குழாயும் சுருளும் சேர்ந்து சுற்றும்படி செய்தான். நாடா சுருளிலிருந்து அவிழ்ந்து குழாயின் நடுவாக வருகிறது. குழாய்க்குள் அதற்கு முறுக்கில்லை. இரண்டும் ஒன்றாகவே சுற்றுகின்றனவல்லவா? குழாயைவிட்டு வெளியேறியதும் எதிரே சற்றுத் தூரத்தில் ஒரு ஜோடி உருளைகள் நாடாவைக் கவ்வி இழுக்கின்றன. அவை நாடாவோடு சேர்ந்து திருகுவதில்லை. குழாய் வாய்க்கும் உருளைக்கும் இடையிலேதான் முறுக்கு ஏறுகிறது. ஏறியது அவிழ வழியில்லை. உருளைகளின் நடுவில் குச்சியின் பருமனுக்குத் தக்க பள்ளம் வெட்டியிருப்பதால் குச்சி நசுங்குவதும் இல்லை. சுருளுக்கு எதிர்ப்புறம் அதே எடையுள்ள இரும்புத் துண்டு ஒன்றைக் கட்டினான். இல்லாவிட்டால் யந்திரம் மாடு மிரண்டதுபோல் குதிக்கும். சுருள் தானாக அவிழ்ந்து தொங்காமலிருக்க, அதன்மேல் உரசும்படி ஒரு துணிப்பட்டை.

நிற்க, இனிக் கணக்கு. முறுக்கு எவ்வளவு வேண்டும்? மிகுந்தால் பலம் மிகும் என்று பையன் நினைத்திருந்தான். குச்சியின் பருமன் 2 மில்லிமீட்டர் என்று வைத்துக்கொண்டால் சுற்றளவு சுமார் 6.3 மில்லிமீட்டர். ஒரு சென்டிமீட்டருக்கு ஒரு முறுக்கு என்றால், நாடாவின் நடுப்பாகம் 10 மில்லிமீட்டர் செல்லும்போது வெளி ஓரம் சாய்வாகச் சுற்றிக்கொண்டு ஏறக்குறைய 11.8 மில்லிமீட்டர் செல்லவேண்டும். பிதாகரஸ் தேற்றம் தெரிந்த எந்த மாணவனும் இதைக் கணக்கிடலாம். நூற்றுக்குப் பதினெட்டுப் பங்கு நீளுவதற்குக் காகிதம் ரப்பர் அல்லவே! ஓரம் கிழிந்துவிடும். இரண்டரை சென்டிமீட்டருக்கு ஒரு முறுக்கு என்றால் ஓரத்தின் அதிகப்படி நீளம் நூற்றுக்கு மூன்று; அதைக் காகிதம் பொறுத்துக்கொள்ளும்.

7 சென்டிமீட்டர் குறுக்களவுள்ள உருளையின் சுற்றளவு 22 சென்டிமீட்டர். உருளை ஒருமுறை சுற்றுவதற்குள் குழாய் 9 முறை சுற்றினால், முறுக்கு ஒன்றுக்குச் சுமார் 2.4 சென்டிமீட்டர் கிடைக்கும். 48 பல் சக்கரத்திலிருந்து 16 பல் சக்கரத்துக்குச் சைக்கிள் சங்கிலி போட்டால் மூன்று மடங்கு. அதையே இன்னொரு முறை செய்தால் ஒன்பது மடங்கு. இதிலுள்ள சாமர்த்தியம் என்னவென்றால், குழாயும் உருளையும் சங்கிலியால் பிணைந்திருப்பதால், மிதிப்பவர் வேகமாக மிதித்தாலும் மெதுவாக மிதித்தாலும் முறுக்கு மாறாது. களைத்துப்போன மாலை வேளையில் வரும் குச்சியும் காலையில் வந்த குச்சியைப்போலவே இருக்கும். வியாபாரி கழிப்பதற்கு ஒரு காரணம் குறைந்தது. குழாய் நிமிஷத்துக்கு 90 முறை சுற்றினால் உருளை 10 முறை சுற்றும். 220 சென்டிமீட்டர் குச்சி வரும். பத்து சென்டிமீட்டராக வெட்டினால் 22 குச்சிகள். இது காகிதத்தில் எழுதிய கணக்கு. காகிதத்தை முறுக்கும்போது வருவது இதற்குக் குறைவே.

ஏனெனில் காகிதத்துக்கும் மரத்தைப்போல் நாரோட்டம் உண்டு. பழைய பத்திரிகை ஒன்றை எடுத்து மேலிருந்து கீழாகக் கிழித்துப் பாருங்கள், நேராகக் கிழியும். குறுக்கே கிழித்தால் கோணலாகப் போகும். நாரோட்டத்தின் வழியே வெட்டிய நாடாதான் இழுப்புத் தாங்கும். சற்றே ஈரம் இருந்தால் முறுக்குக்கு இணங்கும். ஜப்பானியர் இதை நெடுங்காலமாக அறிவார்கள். அங்கே கைக்காகிதத்தை நாடாவாக வெட்டி, ஈரத்துணிக்குள் வைத்துப் பதப்படுத்தி, கல்லின்மேல் உருட்டி, ராட்டையில் முறுக்கி நூலாக்குவார்கள். அந்தத் துணிக்கு ஷிஃபு என்று பெயர். ஷிரோயிஷி என்னும் ஊர் அதற்குப் பேர்போனது. 1914 முதல் 1918 வரை நடந்த முதல் உலக யுத்தத்தில் பருத்தியும் சணலும் கிடைக்காத ஜெர்மானியரும் காகித நூலால் சாக்குகளும் துணிகளும் நெய்தார்கள். ஆகவே நமது பையனுடைய ஆசை அசட்டு ஆசை அன்று.

யந்திரம் ஒருவாறு ஓடத் தொடங்கியபின் நாம் அதைப் பார்க்கப் பையனின் வீட்டுக்குச் சென்றோம். வெளிவந்த குச்சிகள் வெட்டியவுடனே பாம்புக் குட்டிகளைப்போல் நெளிந்து சுருண்டன. பையன் பசையைக் கெட்டியாக்கிப் பார்த்தான், பயனில்லை. அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்த தாயார், "பாவுக்குக் கஞ்சி போட்டுத் தெருவுல நீட்டிக் கட்டித்தானே சார்வாள் காயவைப்பாக? அறுத்துப் போட்டுட்டா காயவைப்பாக?" என்றாள். அந்த அம்மாள் நெசவுக்காரக் குடும்பத்தில் பிறந்தவள் என்பது அப்போதுதான் நமக்குத் தெரிந்தது. நாடாவை அரிசிக் கஞ்சியில் தோய்த்து முறுக்கி, முழு நீளமாக இரண்டு முளைகளுக்கு இடையே இழுத்துக் கட்டி, எட்டயபுரத்து வெயிலில் காயவைத்து, பிறகு வெட்டினோம். குச்சிகள் நேராக நின்றன. பி.ஏ. படித்த நமக்கும், பௌதிகம் படிக்கும் பையனுக்கும் தோன்றாதது பாவு ஓடிய தெருவில் விளையாடிய பெண்ணுக்குத் தோன்றிற்று.

இந்தச் சந்தர்ப்பத்தில் ஒரு பழைய அறிவிப்பை நினைவூட்ட விரும்புகிறோம். 1929-ஆம் ஆண்டில் அகில இந்திய சர்க்கா சங்கம் ஒரு லட்சம் ரூபாய் பரிசு அறிவித்தது. 'நல்ல ராட்டை செய்க' என்று மட்டும் அது சொல்லவில்லை. ராட்டை இலேசாக இருக்கவேண்டும். சாதாரணக் குடிசையில் கையாலோ காலாலோ இயக்கத் தக்கதாக இருக்கவேண்டும். ஒரு பெண் அதிக ஆயாசமின்றி 8 மணி நேரம் வேலை செய்யமுடியவேண்டும். அந்த 8 மணியில் 12 முதல் 20 நம்பர் வரையுள்ள நூல் 16,000 அடி தரவேண்டும். இந்தியாவில் செய்யும் செலவு 150 ரூபாய்க்கு மேற்படக் கூடாது. அவ்வப்போது பழுது பார்த்தால் 20 வருஷம் உழைக்கவேண்டும். இவை அதன் நிபந்தனைகளில் சில. அந்தப் பரிசு எவருக்கும் கிடைக்கவில்லை. ஆனால் நிபந்தனைகள் வீண்போகவில்லை என்றே நாம் கருதுகிறோம். 1940-களின் இறுதியில் தமிழ்நாட்டைச் சேர்ந்த ஏகாம்பரநாதன் என்பவர், ஆலைகளில் உள்ள உருளை இழுப்பு முறையைக் கைராட்டைக்குக் கொண்டுவந்தார். அவர் பெயரை ஒட்டியே அதற்கு அம்பர் சர்க்கா என்ற பெயர் நிலைத்தது.

யந்திரம் அமைப்பவன் முதலில் எழுதவேண்டியது படம் அன்று, இத்தகைய ஜாபிதா. யார் இயக்கப் போகிறார்கள்? எத்தனை மணி நேரம்? எந்த வீட்டில்? என்ன செலவில்? பழுதுபட்டால் யார் சரிசெய்வார்? இக்கேள்விகளுக்கு விடையில்லாமல் வந்து இறங்கும் யந்திரம், எத்தனை பளபளப்பாக இருந்தாலும், வீட்டுக்குள் வந்த அயலாளாகவே இருக்கும்.

காந்தியடிகள் யந்திரத்துக்கு விரோதி என்று இன்றும் சிலர் எளிதாகச் சொல்லிவிடுகிறார்கள். 1924-ஆம் ஆண்டில் ராமச்சந்திரன் என்ற இளைஞர் இதுபற்றிக் கேட்டபோது, காந்தியடிகள் தையல் யந்திரத்தை விலக்காக எடுத்துச் சொன்னார். தம் மனைவி கையால் தைத்துத் தைத்துச் சோர்வதைக் காணப் பொறாத சிங்கர், அன்பினால் அதைச் செய்தார் என்பது அவர் கூறிய காரணம். சிலரைக் கொழுக்கவைத்துப் பலரைத் தெருவில் நிறுத்தும் யந்திர மோகத்தையே அவர் வெறுத்தார். தாயின் உள்ளங்கையைப் பார்த்து எழுந்த நமது பையனின் குழாய் அந்தத் தையல் யந்திரத்தின் ஜாதியைச் சேர்ந்தது என்று நாம் மனத்துக்குள் பெருமைப்பட்டுக்கொண்டோம்.

ஆனால் பெருமைப்பட அவகாசம் கொடுக்காமல் அந்த அம்மாள் இன்னொரு கேள்வி கேட்டாள். அன்று மாலை மிதிபலகையில் கால் வைத்து, தானே முப்பது குச்சிக்கு வேண்டிய நீளம் முறுக்கிப் பார்த்தபின், "நல்லாத்தான் இருக்கு சார்வாள். இந்தத் தெருவுல எட்டு வீட்டுல குச்சி உருட்டுதோம். எனக்கு மட்டும் இது வந்தா, வியாபாரி கூலியைக் கொறைச்சுப்பிடுவாரே. அந்த எட்டு வீட்டுக்கும் இதைச் செய்ய என்ன ஆகும்?" என்றாள்.

நாம் விடை சொல்லவில்லை. 'இன்னும் வேகமாகச் சுற்று' என்ற நமது பழைய யோசனை நினைவுக்கு வந்தது. ஆகையால் தெரியாது என்றே ஒப்புக்கொண்டோம். பிறகு மூவரும் உட்கார்ந்து கணக்குப் போட்டோம். சங்கிலியும் பல் சக்கரங்களும் பழைய சைக்கிள் கடையில் கிடைக்கும். மிதிபலகை உபயோகமற்ற தையல் யந்திரத்திலிருந்து வரும். கடைசல் பட்டறைக்குப் போகவேண்டியவை உருளைகளும் கவையும் மட்டுமே. எட்டு ஜோடி ஒன்றாகக் கடைந்தால் கூலி குறையும். சுருள் சிறியதாயிருப்பதால் அடிக்கடி மாற்றவேண்டியிருப்பதும், மாற்றும் இடத்தில் நாடாவை ஒட்டவேண்டியிருப்பதும் இன்னும் தீராத குறைகள். குச்சியை எட்டு வீட்டாரும் சேர்ந்து விற்றால் கூலி பேசும் நிலை மாறும் என்பது தாயாரின் அபிப்பிராயம். அந்த அபிப்பிராயத்துக்கு எந்தப் பல் சக்கரமும் ஈடாகாது என்பது நமது அபிப்பிராயம்.

அன்றிரவு பையன் தன் நோட்டுப் புத்தகத்தில் ஒரு ஜாபிதா எழுதினான். மறுநாள் பள்ளிக்கூடத்தில் அதை நம்மிடம் காட்டினான். இலேசாக இருக்கவேண்டும், காலால் மிதிக்கத் தக்கதாக இருக்கவேண்டும், பழுதுபட்டால் சைக்கிள் கடைக்காரரே சரிசெய்யக்கூடியதாக இருக்கவேண்டும் என்று வரிசையாக எழுதியிருந்தான். கடைசி வரியில், 'எட்டு வீட்டுக்கும் செய்யக்கூடியதாக இருக்கவேண்டும்' என்று கண்டிருந்தது. நாம் அதைத் திருத்தவில்லை. அடியில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தோம்.